காற்றும் ஓதமும்

விளையாட்டு என்பது பெரும்பாலும் மனிதன் வகுத்த எல்லைக்குள் நிகழ்வது. பந்தாட்டத்திற்குச் சமனிலமும், ஓட்டப் பந்தயத்திற்குச் சுண்ணக் கோடும், இரண்டையும் நடத்துவதற்கு ஒரு கடிகாரமும் போதும். மாலை நான்கு மணிக்கு ஆட்டம் என்று அறிவித்துவிட்டால், அதற்குள் ஆடுகளம் எங்கும் போய்விடுவதில்லை. ஆனால் ஆடுகளமே வருவதும் போவதுமாக உள்ள விளையாட்டு ஒன்று உண்டு. அதனை ஒரு சிற்றூரின் கரையில் நடத்த முற்பட்ட யாம், எட்டு நாள்களில் கண்டறிந்தவற்றை நம் கலாசாலைச் சஞ்சிகையைப் படிக்கும் நண்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும் என்று கருதுகின்றோம்.

அவ்விளையாட்டு பாய்ப்பலகை விளையாட்டு. மேனாட்டார் இதனை விண்ட்சர்ஃபிங் என்பர். மிதக்கும் பலகை ஒன்றின் நடுவே, எப்பக்கமும் சாயத்தக்க மூட்டொன்றினால் பாய்மரம் பொருத்தப்பட்டிருக்கும். பலகைமேல் நிற்பவன் பாயின் பிடியை இரு கைகளாலும் பற்றி, சுக்கான் இன்றியே, பாயை முன்னும் பின்னும் சாய்த்துத் திசை திரும்புவான். அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பார் 1964-ஆம் ஆண்டில் இத்தகைய பலகை ஒன்றை அமைத்தார். பின்னர் ஜிம் டிரேக், ஹாயில் சுவைட்சர் என்னும் இருவர் 1968-இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்து, 1970-இல் அதனைப் பெற்றனர். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இது இடம் பெற்றது. ஒலிம்பிக்கில் நிகழ்வது விரைவுப் பந்தயம். யாம் நடத்தியதோ அலைப் போட்டி. இதில் முந்துதல் இல்லை. வரும் அலையின்மேல் பலகையோடு எழும்பிக் குதித்தலும், உடையும் அலையின் முகத்தில் இறங்கித் திரும்புதலுமே கருதப்படும். நடுவர் கரையில் இருந்து புள்ளியிடுவர்.

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரியை நோக்கிக் கரை தென்மேற்காக ஓடுகின்றது. அக்கரையில், கடலுக்குள் நீண்ட குன்றினாற் பேர் பெற்றது மணப்பாடு. 1542-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாக வழங்கும் குகை அங்கே உள்ளது. எம் போட்டி நிகழ்ந்தது அதே கரையில், அத்துணைப் பேர் பெறாத ஒரு பரதவர் ஊரில். யாம் அறுவர்; கலாசாலையில் பயில்வோர் நால்வர், பயின்று வெளியேறியோர் இருவர். எம்முள் ஒருவரின் தாய்மாமன் வீடு அவ்வூரில் இருந்தமையின், விடுமுறைதோறும் அங்குச் சென்று தங்குவது எம் வழக்கம். அங்கே மூன்று இளைஞர், வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர் விட்டுச் சென்ற பழம்பலகையில், கிழிந்த பாயைத் தாமே தைத்துக் கட்டி, ஆசிரியர் ஒருவரும் இன்றி இவ்வித்தையைக் கற்றிருந்தனர். அவருள் மூத்தவனைச் சென்னையிலிருந்து வந்த ஒரு பழகுநர் கண்டு, இவன் வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லத் தக்கவன் என்றார். ஆயின் முறையாக நடந்த போட்டி ஒன்றில் பெற்ற இடத்தைக் காட்டினாலன்றி அவனுக்கு உதவிப்பணம் கிட்டாது. போட்டிக்குச் செல்லப் பணம் வேண்டும். பணம் பெறப் போட்டி வேண்டும். ஆதலின் போட்டியையே அவன் ஊருக்குக் கொணர்வோம் என்று 2025-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் யாம் துணிந்தோம்.

காற்றைப் பற்றி முதலில் கூறுவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்மலையால் தடையுண்டு, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களின் வழியே நெருங்கிப் புகும்போது அதன் விரைவு மிகுகின்றது. முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் எம் கரைக்கு அக்காற்றுக் காலையில் மேற்கிலிருந்து, அஃதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதில் பாய் விரித்தவன் செல்வது எளிது, மீள்வது அரிது. பாய்மரம் முறிந்தால் காற்று அவனைத் தள்ளிச் செல்லும் திசையில் திறந்த கடலன்றி வேறில்லை. ஞாயிறு ஏற ஏற நிலம் சூடேறும். அதன்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வர முயலும். இவ்விரண்டும் கலத்தலால், நண்பகலுக்குமேல் மேல்காற்றுத் திரும்பித் தென்மேற்காகி, கரையை ஒட்டி வீசும். கரையை ஒட்டிய காற்றே போட்டிக்கு உரியது. அதில் செல்லவும் மீளவும் ஒருங்கே இயலும். காற்றின் வலிமையும் கருதத்தக்கது. விரைவு இரு மடங்காயின் பாயைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆதலின் சிறிது குறைந்தாலும் பலகை நின்றுவிடும்; சிறிது மிகுந்தாலும் ஆள் தூக்கி எறியப்படுவான்.

இனி ஓதம். நம் கரையில் ஓதம் மிகச் சிறிது. பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் கடல்மட்டம் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். தூத்துக்குடிக் கரையிலோ, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களிலும் அது ஒரு மீட்டருக்குக் குறைவே. இத்துணைச் சிறிய ஏற்றத்தினால் என்ன வேறுபாடு நேரும் என்று வினவலாம். அலை உடைவது நீரின் ஆழத்தைப் பொறுத்தது. அலையின் உயரம், அதன் அடியிலுள்ள ஆழத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போது, அலை தலைகவிழ்ந்து உடையும். எம் ஊரின் முன்னே, கரைக்குச் சிறிது அப்பால், ஒரு மணற்றிட்டு உண்டு. வற்றத்தில் திட்டின்மேல் நீர் தொடையளவே. அலை நெடுகிலும் ஒருங்கே மடிந்து விழும். பலகையின் அடியில் மீனின் செட்டைபோல் சாணளவு நீண்ட தகடு, அலையின் பள்ளத்தில் மணலைத் தட்டும். ஏற்றம் பாதிக்குமேல் வந்த பின்னர், அலை திட்டின் தென்முனையில் உடையத் தொடங்கி, வடக்கு நோக்கி வரிசையாக மடிந்து செல்லும். அதுவே ஏறி விளையாடற்குரிய அலை. உச்ச ஏற்றம் கழிந்து ஒரு மணி நேரத்திற்குமேல் நீர் வெளியேறும் இழுப்புப் பெருகுதலால், அதன்பின் ஆடுதல் நன்றன்று.

ஈண்டுத்தான் இவ்விளையாட்டின் சிக்கல் விளங்கும். காற்று, ஞாயிற்றின் கணக்கைப் பின்பற்றுவது; ஓதம், திங்களின் கணக்கைப் பின்பற்றுவது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆதலின், இன்றைய ஏற்றம் நாளை 50 நிமிடம் தாழ்த்தே வரும். காற்றோ நாள்தோறும் நண்பகலை ஒட்டியே திரும்பும். இவ்விரு கடிகாரங்களும் ஒருங்கே மணியடிப்பது சில நாள்களில் மட்டுமே. அலையோ இரண்டுக்கும் கட்டுப்படாதது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களால் உண்டாகும் அலைகள், பல நாள் பயணம் செய்து, காற்றில்லாத நாளிலும் நம் கரையில் மோதும். இங்ஙனம் முன்னறிவிப்பின்றி ஊர்க்குள் புகும் பேரலையைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்பர். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் பேரலையால் இழுக்கப்பட்டு உயிர் துறந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கை விடுத்திருந்த காலம் அது. எச்சரிக்கை இருத்தல் வேறு, கரையில் நிற்பவன் அதனைக் கேட்டு ஒழுகுதல் வேறு. அதனை நினைந்தே, அம்மையத்தின் அறிக்கையைக் காலைதோறும் படியாமல் எவரையும் நீரில் இறக்குவதில்லை என்று யாம் உறுதி செய்துகொண்டோம்.

யாம் முதலிற் செய்தது யாதெனில், நீர்மட்டத்தை அளக்கக் கோடுகள் இட்ட கோல் ஒன்றை நட்டு, இரண்டு திங்கள் ஏற்றவற்றங்களையும் காற்றின் திசையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதியதேயாம். அவ்வேட்டைக் கொண்டு, எட்டு நாள் கொண்ட ஒரு காலப்பகுதியைத் தெரிந்தெடுத்தோம். முதல் நாள் உச்ச ஏற்றம் காலை 11 மணிக்கு. எட்டாம் நாள் மாலை 5 மணியை ஒட்டி. இடையிலுள்ள நாள்களுள் காற்றும் ஏற்றமும் அலையும் கூடும் ஒரு நாள் வாய்த்தால் போதும் என்பது எம் கணிப்பு.

எம் கணிப்பு எல்லார்க்கும் உவப்பாயிருக்கவில்லை. பரிசுப்பொருளும் பந்தலும் விருந்தும் தம் செலவில் தர முன்வந்த செல்வர் ஒருவர், "சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடக்கம் என்று அச்சிடுங்கள். நாளும் நேரமும் இல்லாத அழைப்பிதழ் உலகத்தில் உண்டா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. வருவோர்க்கு உணவு சமைக்கவேண்டியவர் அவரன்றோ? யாம் குறிப்பேட்டை அவர்முன் விரித்து, சனிக்கிழமை பத்து மணிக்குத் திட்டின்மேல் நீர் எவ்வளவு இருக்கும், காற்று எத்திசையில் வீசும் என்று காட்டினோம். மேலும், ஹவாய்த் தீவுகளின் வைமியா விரிகுடாவில், கடற்காவலராக விளங்கிய எடி ஐகாவ் என்பாரின் நினைவாக நடக்கும் அலைப் போட்டியின் வரலாற்றையும் உரைத்தோம். அப்போட்டிக்கு ஆண்டுதோறும் பல வாரங்கள் ஒதுக்கப்படும். ஆயினும் வேண்டிய உயரத்தில் அலை எழாத ஆண்டில் அது நடைபெறாது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வீரரும் மக்களும் கூடியிருந்தபோது, அலை போதாது என்று காலையிலேயே நிறுத்தி, அதே திங்கள் 25-ஆம் நாள் நடத்தினர். அடுத்த போட்டி நிகழ்ந்தது 2023-இலேயே. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டைரீ என்னும் சிறு தீவிலும், 1986 முதல் நடந்துவரும் பாய்ப்பலகை அலைப் போட்டிக்கு ஒரு நாளை அன்று, பல நாள்களையே ஒதுக்குகின்றனர். செல்வர் நெடுநேரம் எண்ணமிட்டுப் பந்தலையும் விருந்தையும் நிறுத்திக்கொண்டார். பரிசுக் கிண்ணத்தை மட்டும் தந்தார். ஆறு நாளுக்குச் சோறு பொங்கும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது.

அவ்வூரில் எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் உளர். பாட்டையா என்றே ஊரார் அவரை அழைப்பர். யாமும் அங்ஙனமே அழைத்தோம். எம் அழைப்பிதழைப் பிறரைக் கொண்டு படிக்கக் கேட்டு அவர் நகைத்து, "ஊருக்கெல்லாம் கடிதம் போட்டீர்கள் தம்பிகளா, கடலுக்கு ஒன்று போட்டீர்களா?" என்றார். நாள் குறிக்கவில்லை என்று யாம் சொன்னதும் அவர் நகை மாறிற்று. அன்றுமுதல் காலையில் எம்மோடு கரையில் நின்று, மலைப்பக்கத்து மேகத்தைப் பார்த்துத் தம் கருத்தைக் கூறுவாராயினர். எம் காற்றளவுக் கருவிக்கும் அவர் கருத்துக்கும் சில வேளை மாறுபாடு நேர்ந்ததுண்டு. கருவி அந்நேரத்துக் காற்றைச் சொல்லும். அவர் இரண்டு மணி கழித்து வரும் காற்றைச் சொல்வார்.

விதிகளைச் சுருக்கமாக எழுதிக் கரையில் தொங்கவிட்டோம். பத்து நிமிட அளவில் காற்றுச் சராசரி மணிக்கு 15 கடல்மைல், அஃதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர், இருத்தல் வேண்டும். காற்றுக் கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பின் சிவப்புக் கொடி ஏறும். மோட்டார் வள்ளங்கள் இரண்டு காவலுக்கு நிற்றல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேலையின்றிக் காத்திராத நேரத்தில் எவரும் ஆடலாகாது. இறுதிச் சுற்று 20 நிமிடம். அதிற் பாதி நிறைவதற்குள் நிறுத்தப்படின் அச்சுற்றுச் செல்லாது. இவ்விதிகளைப் படித்துப் பன்னிருவரும் கையொப்பமிட்டனர்.

முதல் இரண்டு நாளும் ஏற்றம் முந்திற்று, காற்றுப் பிந்திற்று. அவை பழகுதற்கே பயன்பட்டன. மூன்றாம் நாள் வானம் மூடி, காற்று ஓய்ந்தது. நான்காம் நாள் காற்றும் ஏற்றமும் கூடின. அலையோ குழந்தைகள் குளிக்கும் அளவே இருந்தது. அலை ஓய்ந்த பின் தலை முழுகலாம் என்று இருப்பவனை உலகம் நகும். யாமோ அலை எழட்டும் என்று இருந்தோம். எம்மையும் உலகம் நகைத்தது. தேநீர்க் கடையில், "இவர்கள் போட்டி நடத்த வந்தவர்களா, பொங்கித் தின்ன வந்தவர்களா?" என்று கேட்டதாகச் செவியுற்றோம். சென்னையிலிருந்து வந்த இருவர் விடுப்பு முடிகின்றதென்று கவலையுற்றனர். அரிசியும் குறைந்தது. அலை சிறிதாயினும் ஆடச் செய்து, ஒருவனுக்குக் கிண்ணத்தைக் கொடுத்துவிடலாம் என்று எம்முள்ளேயே இருவர் கூறினர். அங்ஙனம் கொடுத்த கிண்ணம் அம்மீனவ இளைஞனுக்கு எதனைச் சான்று பகரும் என்று ஏனையோர் வினவ, அப்பேச்சு நின்றது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. காலை அறிக்கையில், தெற்கிலிருந்து நல்ல அலை வருமென்று கண்டோம். பன்னிரண்டரை மணிக்குக் காற்றுத் தென்மேற்காகத் திரும்பியது. கோலில் நீர் பாதிக்கோட்டைக் கடந்திருந்தது. பச்சைக் கொடி ஏறிற்று. நால்வர் நால்வராக மூன்று சுற்றுக்கள், மூன்று மணிக்குள் நிறைவேறின. முதலிடம் பெற்ற மூவரும், இரண்டாமிடம் பெற்றவருள் மிகுந்த புள்ளி உடையவரும் ஆக நால்வர் இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தனர். அவருள் ஒருவன் எம் இளைஞன்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குச் செல்லாமை அவ்வூர் வழக்கம் ஆதலின், ஆராதனை முடிந்ததும் ஊர் முழுதும் கரையில் நின்றது. இரண்டரை மணிக்கு இறுதிச் சுற்றுத் தொடங்கிற்று. எம் இளைஞன் தென்முனையில் ஓர் அலையைப் பிடித்து, அதன் முகத்தில் நான்கு முறை இறங்கி ஏறித் திரும்பினான், கரை ஆரவாரித்தது. ஏழாம் நிமிடத்தில் பாட்டையா எம் தோளைத் தொட்டு மேற்கே காட்டினார். மலைப்பக்கத்திலிருந்து கருமேகம் நிலத்தின்மேல் நிழல் விரித்து வந்தது. நிலம் குளிர்ந்தால் கடற்காற்று ஓயும். ஓய்ந்தால் மேல்காற்று மீளும். எட்டாம் நிமிடத்தில் சென்னை வீரர் ஒருவரின் பாய்மர மூட்டு முறிய, அவரை ஏற்றிவர ஒரு வள்ளம் சென்றது. மற்றொன்று தன் இடத்தில் நிற்கையில், மிதந்து வந்த பழவலைக் கயிறு அதன் விசிறியில் சுற்றிக்கொண்டது. கரையிலிருந்த கொடித்துணி மெல்லத் திரும்பிக் கடலைச் சுட்டிற்று. அப்பொழுது ஒன்பதாம் நிமிடம். இன்னும் ஒரு நிமிடம் கழிந்தால் சுற்றுச் செல்லும். எம் இளைஞனே முதல்வன். "ஒரு நிமிடம் பொறுங்கள்!" என்று ஊரே கூவியது. யாம் சிவப்புக் கொடியை ஏற்றினோம்.

மூவரும் கரை சேர்ந்தனர். முறிந்தவரை வள்ளம் அரைமணி கழித்துக் கொணர்ந்தது. அவ்வரைமணியில் காற்று முழுதும் மேற்காகி விசை மிகுந்திருந்தது. எம் இளைஞன் பலகையை மணலில் எறிந்து, "நான் இந்தக் கரையில் பிறந்தவன், இந்தக் காற்று என்னை என்ன செய்துவிடும்?" என்றான். அவனுக்கு மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. பாட்டையாவே கூறினார்: "ஒரு நிமிடம் என்பது கரையில் நிற்கிறவன் கணக்கடா. கடலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது." அவன் அதற்கும் உடன்படாமல் வீடு சென்றான். ஏழாம் நாள் முழுதும் மேல்காற்று. எட்டாம் நாள் அலை இல்லை. கிண்ணம் எவர்க்கும் அளிக்கப்படாமல், ஊர்ப் படிப்பகத்தின் அலமாரியில் வைக்கப்பட்டது. முதற் சுற்றின் புள்ளிகளை மட்டும் எழுதி நடுவர் கையொப்பத்துடன் அவனுக்குத் தந்தோம். அவ்வாண்டு அவனுக்கு உதவிப்பணம் கிட்டவில்லை.

இதனை வெற்றியென்று சொல்ல மாட்டோம். தோல்வியென்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. போட்டி நடத்துவோன் கடமை, தொடங்குதல் என்றே பலர் எண்ணுவர். பந்தலிட்டு, விருந்தினரை அழைத்து, கொடியேற்றித் தொடங்கி வைத்தல் யார்க்கும் எளிது. தொடங்காதிருத்தற்கும், தொடங்கியதை நிறுத்துதற்கும் உரிய காரணத்தை முன்னரே எழுதி வைத்து, பலரும் கூவும் வேளையில் அவ்வெழுத்தின்படி ஒழுகுதலே அரிது. அவ்வேளையில் யாம் புதிதாக எண்ணித் துணிய வேண்டியிருந்தால், எம் இளைஞன்மேல் வைத்த அன்பே எம்மை ஒரு நிமிடம் தாழ்க்கச் செய்திருக்கும். விதி, அன்பு கலங்கும் நேரத்திற்காகவே அன்பு தெளிந்த நேரத்தில் எழுதப்படுவது.

மூன்று திங்கள் கழிந்த பின்னரே அவ்விளைஞன் எம்மோடு பேசலானான். இப்பொழுது கரையிலுள்ள கோலைப் பார்த்து ஏற்றவற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதுபவன் அவனே. எம் எழுத்தினும் அவன் எழுத்துச் செவ்வையாக உள்ளது. காற்றின் பத்திக்கு அருகே, மலைமேகத்திற்கென்று புதிய பத்தி ஒன்றையும் அவன் கோடிட்டுச் சேர்த்துள்ளான். வரும் ஆடியிலும் எட்டு நாள் ஒதுக்கியுள்ளோம். நம் கலாசாலை நண்பர் எவரும் வரலாம். நடுவருக்கும், கொடி பிடிப்போர்க்கும், சோறு பொங்குவோர்க்கும் குறைவுண்டு. வருவோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: திரும்புதற்குரிய பயணச் சீட்டை முன்னரே எடுத்து வைத்தல் வேண்டா.